தூண்டில்காரர் ஏன் இடத்தைச் சொல்வதில்லை?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். புதிதாக ராடும் ரீலும் வாங்கி ஆறு வாரமாக ஊரைச் சுற்றியுள்ள கண்மாய்களில் அலைகிறீர்கள். ஒரு விரால்கூட மாட்டவில்லை. அதே கரையில் ஒரு பெரியவர் வாரம் தவறாமல் மீனோடு வீட்டுக்குப் போகிறார். எந்த இடம், என்ன இரை என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். "தெரிந்ததைச் சொன்னால் என்ன குறைந்துவிடும், இது சுயநலம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அந்தப் பெரியவரின் குணத்தைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு தண்ணீரைப் பற்றிய செய்தி பரவினால் அதிலிருக்கும் மீனுக்கு என்ன ஆகும்? இதற்குப் பதில் சொன்னால்தான் பெரியவர் செய்வது சரியா தவறா என்று பேச முடியும்.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உள்நாட்டு மீன்வளத்தில், அதாவது ஏரி, கண்மாய், அணை இவற்றோடு வேலை பார்த்தேன். தூண்டில் அதற்கும் முன்பிருந்தே, பத்து வயதிலிருந்து. கடலில் தூண்டில் போட்ட அனுபவம் எனக்குக் குறைவு. கடலைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் படித்ததும், மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்டதும்தான்.

எல்லாரும் "ரகசியம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் வித்தை இருக்கிறது, இடம் இருக்கிறது, பிடித்த கணக்கு இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

வித்தையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. முழுதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒருவர் கெண்டைக்கு மாவு பிசையும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். கடலைப் புண்ணாக்கும் தவிடும் எல்லாருக்கும் தெரியும்; அதற்கு மேல் என்ன சேர்க்கிறார் என்பதுதான் ஊர்ப் பேச்சு. பெருங்காயம் என்பார்கள், வெந்தயம் என்பார்கள். நான்கூட எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து பார்த்தேன். பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. தூண்டில் போடுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அவர் தினமும் மாலையில் ஒரே படித்துறையில் இரண்டு கை வறுத்த தவிடு வீசிவிட்டு வருவார். மீன் அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் வரப் பழகிவிடும். நான்காம் நாள் எந்த மாவைப் போட்டாலும் கடித்திருக்கும். இரை ரகசியம் என்று பொத்தி வைப்பதில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்பது என் அனுமானம். ஆய்வு செய்து சொல்லவில்லை, பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

வித்தையை மறைத்தால் நஷ்டம் மீனுக்கும்தான். காய்ந்த கையால் மீனைப் பிடித்தால் அதன் மேலிருக்கும் வழவழப்பு உரிந்துபோகும். நோய்க்கிருமியிடமிருந்து மீனைக் காக்கும் முதல் தோல் அதுதான். கையை நனைத்துவிட்டுத் தொட வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் புதியவருக்குத் தெரியும். திரும்ப விடப்போகிற மீன் என்றால், தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியை முதலிலேயே கொறடால் நசுக்கிவிட வேண்டும். அப்போது முள் வாயைக் கிழிக்காமல் கழன்று வரும். தங்கூசியில், அதாவது நைலான் தூண்டில் நூலில், முடிச்சை இறுக்கும்போது எச்சில் தொட்டு இறுக்குவதும் இந்த வகைதான். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்ந்த சூட்டில் தங்கூசி அந்த இடத்தில் பலமிழக்கும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு வாயில் முள்ளோடு போகும். இதையெல்லாம் மறைத்துவைத்து யாருக்கு என்ன லாபம்?

இடம் என்று வந்தால் என் பதில் மாறுகிறது. அது மாறியதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஏழெட்டு வருடத்துக்கு முன்பு, மழை பிடித்த சமயம், ஒரு சின்னக் கண்மாயின் கலிங்குக்கு, அதாவது மிஞ்சிய தண்ணீர் வழியும் இடத்துக்கு, பக்கத்தில் நின்றிருந்தேன். ஆகாயத்தாமரை விலகிய ஒரு பாய் அகலத் தண்ணீரில் செங்கல் நிறத்தில் ஏதோ கொப்பளித்தது. விரால் குஞ்சுகள். ஆயிரக்கணக்கில் ஒரே திரளாக, மழைத்தூறல் விழுந்தது போலத் தண்ணீரைப் புள்ளிபுள்ளியாக்கிக்கொண்டு மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கின. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். அந்தத் திரளுக்கு ஒரு முழம் கீழே ஒரு கறுப்பு முதுகு திரும்பியது. விராலில் தாயும் தகப்பனும் குஞ்சு வளரும்வரை கூடவே இருந்து காவல் காக்கும். பக்கத்தில் எது வந்தாலும், தவளையோ பாம்போ, பாய்ந்து அடிக்கும். அந்த ஆத்திரம்தான் தூண்டில்காரனுக்கு வசதி. குஞ்சுத் திரளுக்கு நடுவில் ரப்பர் தவளையைப் போட்டு இழுத்தால் பசி இல்லாவிட்டாலும் அது வந்து அடித்தே தீரும். பெற்றவை போனால் கெளுத்தியும் தண்ணீர்ப்பாம்பும் கொக்கும் சேர்ந்து குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

நான் தூண்டில் போடவில்லை. ஆனால் படம் எடுத்தேன். அழகாக இருந்தது, நாலு பேர் பார்க்கட்டும் என்று ஊர் பேர் போடாமல் பகிர்ந்தேன். படத்தின் ஓரத்தில் கலிங்கின் கல்லும் அதன் மேல் சாய்ந்த ஒற்றைப் பனையும் விழுந்திருந்தன. அந்தப் பக்கத்து ஆள் எவருக்கும் அது போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையில் பதினோரு பைக்குகள் நின்றதாக ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் சொன்னார். அதற்கடுத்த வாரம் தங்கூசி வலை வந்தது. பிறகு ஒரு இரவில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டுவந்து கரண்ட் வைத்திருக்கிறார்கள். காலையில் நான் போனபோது குறவை, கெளுத்தி, விரல் நீளக் குஞ்சுகள் எல்லாம் வெள்ளை வயிறு தெரிய ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. என்னைப் போன்ற தூண்டில்காரர்கள் செய்த நாசம் இதில் சிறியது. ஆனால் வழி காட்டியது நான்தான். படத்தைப் போட்டால் நல்லவர்கள் மட்டும் பார்ப்பார்கள் என்று எப்படி நினைத்தேன் என்று இன்றும் புரியவில்லை.

இது ஒரு கண்மாய்க் கதை, இதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் எண்ணிக்கையோடு பதிவான கதைகளும் உண்டு. கரீபியன் கடலில் லிட்டில் கேமன் என்று ஒரு தீவு. நம் களவா மீனின் உறவான நாசாவ் களவா குளிர்காலத்துப் பௌர்ணமியை ஒட்டி ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். 2001-ல் அந்தத் தீவின் மேற்கு முனையில் அப்படிக் கூடும் இடம் மீனவர்களுக்குத் தெரியவந்தது. அப்போது அங்கே சுமார் 7,000 மீன்கள் இருந்தன. இரண்டே பருவத்தில் ஏறத்தாழ 4,000 பிடிபட்டுவிட்டன. அரசு 2003-ல் முட்டையிடும் இடங்களில் பிடிப்பதைத் தடை செய்தது. அதன் பிறகு பதினைந்து வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்ததில் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. நெருக்கமாகக் கூடும் மீனுக்கு இடம் தெரிவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

கூடும் மீனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மொத்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் மிச்சமிருப்பவை அதே இடத்தில் வந்து கூடும். தூண்டில் போடுகிறவருக்கு முன்பு போலவே கிடைத்துக்கொண்டிருக்கும். "இங்கே மீன் குறையவே இல்லை" என்று மனதார நம்புவார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் குறைந்தபோதும் இந்த மயக்கம் வேலை செய்தது. குறுகிக்கொண்டே வந்த கூட்டத்தின் மேல் கப்பல்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தன. 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு இடம் பிரபலமாகி இன்னும் மீன் வருகிறது என்றால், அங்கே மீன் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் மறைத்துவிடலாமா? இங்கேதான் நான் மூன்றாவதாகச் சொன்ன பிடித்த கணக்கு வருகிறது. மறைப்பதால் வரும் கெடுதலும் எனக்குத் தெரியும்.

காவிரியின் கூன்முதுகு மஹ்சீர் உலகத்தின் மிகப் பெரிய ஆற்றுக் கெண்டைகளில் ஒன்று. 1946-ல் மைசூர்ப் பக்கம் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. இவ்வளவு புகழ் பெற்ற மீன், அதன் சரியான அறிவியல் பெயர் இன்னதென்று 2018 வரை யாரும் நிலைநாட்டவில்லை. கர்நாடகத்தில் கலிபோரே என்ற இடத்தில் காவிரிக் கரையில் தூண்டில் முகாம் ஒன்று இருந்தது. பிடித்த மஹ்சீரைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், என்ன எடை என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். 1998 முதல் 2012 வரை சேர்ந்த அந்தக் கணக்கு, 23,620 மணி நேரம், 6,161 மீன்கள், 2015-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அதில் தெரிந்தது அதிர்ச்சியான விஷயம். மணிக்கு இத்தனை மீன் என்ற கணக்கு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சராசரி எடையோ குறைந்துகொண்டே வந்திருக்கிறது. காரணம், ஏறியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரிக்கே உரிய கூன்முதுகு, பிடிபட்டவற்றில் அருகிக்கொண்டே வந்திருக்கிறது. கரையில் நின்ற எவருக்கும் இது தெரிந்திருக்காது. மஹ்சீர் நிறையக் கிடைக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதே 2018-ல் அந்த மீன் டோர் ரெமாதேவியே என்று அடையாளம் காணப்பட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாயாற்றில் கிடைத்த மாதிரிகள் அதற்கு உதவின. தூண்டில்காரர்கள் தங்கள் கணக்கை வீட்டு அலமாரியில் பூட்டிவைத்திருந்தால் இந்த மீன் சத்தமில்லாமல் போயிருக்கும். ஆகவே உங்கள் நோட்டில் தேதி, நேரம், தண்ணீர் மட்டம், எத்தனை மீன், என்ன அளவு, ஒன்றுமே மாட்டாத நாள் எது என்று எழுதுங்கள். வெறுங்கையோடு திரும்பிய நாளை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்குக்கு மதிப்பே இல்லை. அதை மீனை எண்ணுகிறவர்களிடம், கல்லூரியோ துறையோ, கொடுங்கள். மாயாற்றில் எந்த மடுவில் அந்த மீன் நிற்கிறது என்பதை மட்டும் ஊருக்குச் சொல்ல வேண்டாம். அது புலிகள் காப்பகத்துக்குள் ஓடும் ஆறு, அங்கே தூண்டில் போடுவதே குற்றம்.

கடலோரத்தில் இந்த மறைவுக்கு ஒரு பழைய ஒழுங்கு இருந்திருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் கட்டுமரக்காரர்கள் கடலடிப் பாறையை அடைய கணியம் பார்ப்பார்கள். ஒரு மலை உச்சிக்கு நேராகக் கோவில் கோபுரம் வர வேண்டும், இன்னொரு திசையில் இன்னொரு இரண்டு அடையாளங்கள் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே பாறை. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் இந்த அறிவைப் பிழைப்பாக வைத்திருப்பவர் மறைத்தால் அதைச் சுயநலம் என்று சொல்ல, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடும் நமக்கு உரிமை கிடையாது. நான் அதில் கவனித்தது இதுதான்: கணியத்தைச் சொன்னால்கூட, நீரோட்டமும் காற்றும் தெரியாத ஒருவரால் அங்கே போய் நிற்க முடியாது. சொல்வதற்கும் போய்ச் சேர்வதற்கும் நடுவில் சில வருடப் பழக்கம் தேவைப்பட்டது. அந்த இடைவெளிதான் மீனைக் காத்தது. இப்போது ஜிபிஎஸ் எண் ஒன்று கையில் வந்தால் போதும், நேற்றுக் கடலைப் பார்த்தவர்கூடப் பாறைக்கு மேல் நிற்கலாம். "எங்க தாத்தா எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாரே" என்று என்னிடம் வாதாடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தாத்தா நாலு பேருக்குச் சொன்னார், அந்த நாலு பேரும் அவரோடு நடந்து வந்தவர்கள்.

இடம் எல்லாருக்கும் தெரிந்தும் கட்டுப்பாடு இருந்த உதாரணமும் நம்மிடமே உண்டு. தூத்துக்குடிக் கடலில் முத்துப் பார்கள், அதாவது முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகள், ரகசியமாக இருந்ததில்லை. தொலையிரம் பார் போல ஒவ்வொன்றுக்கும் பெயரே இருந்தது. ஆனால் அதிகாரிகள் முதலில் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பி எடுத்து, முத்து தேறும் என்று தெரிந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். கடைசியாக 1955-லிருந்து 1961 வரை நடந்தது. அந்த ஏற்பாடும் பார்களை நிரந்தரமாகக் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும், எப்போது, யார், எவ்வளவு என்ற விதி நடைமுறையில் இருக்கும் தண்ணீரில் இடத்தை ஒளிக்க வேண்டிய அவசியம் குறைகிறது. நம் சின்னக் கண்மாய்களிலும் ஓடைகளிலும் அப்படி யார் காவல் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லாத இடத்தில் வாய் மூடியிருப்பது ஒன்றுதான் வேலி.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததும் அனுமானமும் கலந்துவிடக் கூடாது. குஞ்சு காக்கும் மீனையும், முட்டையிடக் கூடும் மீனையும், ஒரு ஆற்றுக்கே உரிய அரிய மீனையும் பற்றிய இடத்தகவல் கெடுதல் செய்யும் என்பது உறுதி. ஒரு சாதாரணக் கண்மாயில் மீன் குறைந்தால் அதில் எவ்வளவு நம் பேச்சால், எவ்வளவு தண்ணீர் வற்றியதால், எவ்வளவு வலையால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் தண்ணீரும் வலையும்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். இன்னொன்றும் என் மனதை அறுக்கிறது. யாருக்கும் தெரியாத குளத்தில் சாயக்கழிவு விட்டாலும் மண்ணடித்து மூடினாலும் கேட்க ஆள் இருக்காது. நாற்பது பேர் தூண்டில் போடும் குளம் என்றால் நாற்பது பேர் மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு இடத்தை மறைத்துக் காப்பதா, தெரியப்படுத்திக் காப்பதா என்பதில் சில சமயம் நானே இரண்டு மனதாக நின்றிருக்கிறேன்.

நான் நடைமுறையில் செய்வதைச் சொல்கிறேன். கட்லா, ரோகு, ஜிலேபி இருக்கும் பெரிய அணை, ஏரி என்றால் யார் கேட்டாலும் சொல்வேன். கட்லாவும் ரோகுவும் குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பவை, ஜிலேபி தானாகவே பெருகிவிடும். ஆனால் ஏலம் எடுத்தவரிடமோ உரிமம் தருகிறவரிடமோ கேட்டுவிட்டுத் தூண்டில் போடச் சொல்வேன். ஏலம் போன கண்மாயில் மீன் அவருடையது; அதில் "என் ரகசிய இடம்" என்று நமக்கு ஒன்று கிடையாது. மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும் ஓரம், கோடையில் வற்றாமல் மிஞ்சும் ஆற்று மடு, இவற்றை யாருக்கும் எழுதித் தருவதில்லை. ஆனால் கூட்டிக்கொண்டு போவேன். கூட வருகிறவர் எத்தனை மீன் எடுக்கிறார், குஞ்சுத் திரளைப் பார்த்தால் தவளையைச் சுருட்டி வைக்கிறாரா, பாலித்தீன் பையைக் கரையில் போடுகிறாரா என்று இரண்டு மூன்று நடை பார்த்த பிறகு அவர் தனியாக வரட்டும். படம் போட வேண்டுமென்றால் மீனைக் கையில் ஏந்திக் குனிந்து, பின்னால் தண்ணீர் மட்டும் தெரிகிற மாதிரி எடுப்பேன். கலிங்கும் மதகும் பனையும் வரக்கூடாது.

அந்தப் பெரியவரிடம் திரும்பப் போங்கள். இடத்தைக் கேட்காதீர்கள், முடிச்சு எப்படிப் போடுகிறார் என்று கேளுங்கள். இரண்டு வாரம் பக்கத்தில் உட்காருங்கள். விடிந்ததும் ஆகாயத்தாமரை ஓரத்தில் 'களக்' என்று ஒரு சத்தம் வரும், விரால் காற்று குடிக்கிற சத்தம். தவளையைச் சத்தம் வந்த இடத்துக்கு மேலேயே போடாமல், இரண்டு முழம் தள்ளிப் போட்டு, மெதுவாக அந்தப் பக்கம் இழுத்து வாருங்கள். தண்ணீர் வெடித்ததும் கை தானாக ராடை வெடுக்கென்று இழுக்கப் பார்க்கும், உடனே இழுக்காதீர்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, ராடு கனத்த பிறகு இழுங்கள். ஆறு வாரமாக உங்களுக்கு மீன் மாட்டாததற்குக் காரணம் இடம் இல்லை, அந்த இரண்டு நொடிதான் என்று எனக்குப் படுகிறது.